விடை உண்டா என்பதை முன்னரே அறிதல்

20 மீற்றர் நீளமான வேலிக்கம்பி ஒன்று இருக்கிறது. அதனை முழுவதும் பயன்படுத்திச் செவ்வகமான கத்தரித் தோட்டம் ஒன்றை அடைக்க வேண்டும். நீளமும் அகலமும் சேர்ந்து 10 மீற்றர் ஆகும். தோட்டத்தின் பரப்பளவு 21 சதுர மீற்றராயின் பக்கங்கள் 7, 3 ஆகும். 25 ஆயின் 5, 5 ஆகும். பரப்பளவு 40 ஆக வேண்டுமாயின் என் செய்வது? கம்பியை எப்படி வளைத்தாலும் அத்தகைய செவ்வகம் அமையாது. இதனை வீணே முயன்று களைப்படையாமல் முன்னரே அறிவது எவ்வாறு?

இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கித்து, அவற்றின் பெருக்கத்தின் நான்கு மடங்கை அதிலிருந்து கழித்தால், அவ்வெண்களின் வித்தியாசத்தின் வர்க்கம் கிடைக்கும். முதற் கணக்கில் 100இலிருந்து 84 போக 16 எஞ்சும்; எனவே வித்தியாசம் 4. இரண்டாவதில் எஞ்சுவது பூச்சியம், பக்கங்கள் சமம். மூன்றாவதில் வருவது மறை 60. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் மறையாகாது. ஆகவே அத்தோட்டம் இல்லை.

ஒரு பக்கத்தை ய எனக் கொண்டால், முதற் கணக்கு ய² − 10ய + 21 = 0 என்னும் இருபடிச் சமன்பாடாகும். இத்தகைய சமன்பாட்டில், நடுக் குணகத்தின் வர்க்கத்திலிருந்து, முதற் குணகத்தையும் மாறிலியையும் பெருக்கி வந்ததன் நான்கு மடங்கைக் கழித்துப் பெறுவதே தன்மைகாட்டி. குணகங்கள் மெய்யெண்களாயிருக்க, தன்மைகாட்டி நேராயின் வெவ்வேறான இரு மெய்ம்மூலங்கள் உண்டு. பூச்சியமாயின் அவை சமமாகும். மறையாயின் மெய்ம்மூலம் இல்லை.

இவ்வுண்மை பழையது. 9 ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்குவாரிசுமி, இதே 10, 21 என்னும் எண்களை எடுத்துக்காட்டி, எப்போது விடை இல்லை என்பதையும் கூறிவைத்தார். 1545 இல் இத்தாலியரான கார்தானோ, 10ஐப் பெருக்கம் 40 ஆகும்படி இரு கூறாக்க முயன்று, மறை 15இன் வர்க்கமூலத்தை 5உடன் கூட்டியும் கழித்தும் விடை கண்டார். அதனால் பயனில்லை என்றே கருதினார். 1572 இல் பொம்பெல்லி அத்தகைய எண்களைக் கையாளும் விதிகளை வகுத்தார். ஆடலோட்ட மின்னியல் இன்று அச்சிக்கலெண்களைக் கொண்டே கணிக்கிறது. தன்மைகாட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1851 இல் இட்டவர் சில்வெசுத்தர்.

மாணவர் பலர், காரணிகள் எளிதில் அகப்படாதபோது, விடை இல்லை என எழுதிவிடுகின்றனர். இது பெரும் பிழை. பரப்பளவு 23 ஆயின் தன்மைகாட்டி 8, அது நிறைவர்க்கமன்று. ஆதலால் முழுவெண் பக்கங்கள் வாரா. ஆயினும் தோட்டம் உண்டு. அதன் பக்கங்கள் ஏறத்தாழ 6.41, 3.59 மீற்றர். தேடியவனுக்கு அகப்படாமை வேறு. பொருளே இல்லாமை வேறு. இவ்விரண்டையும் பிரித்துணர்த்துவதே தன்மைகாட்டியின் பணி. பேனாவை எடுத்ததும் அதனைக் கணித்துப் பார்க்கும் மாணவன், கிடைக்கும் விடையை நழுவவிடான். கிடையாத விடைக்காகக் காலத்தை இழக்கவும் மாட்டான்.