வலி மருந்தின் பிடியும் விடுதலையும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்து பிழைக்கும் தமிழர் ஒருவரை உங்கள் மனக்கண்முன் நிறுத்திக் கொள்ளுங்கள். அவருக்குப் பெயர் வேண்டா. அவரைப் போன்றோர் பலர். ஒரு நாள் அவருக்கு இடுப்பு பிடித்துக் கொள்கிறது. மருத்துவர் ஐந்து நாளைக்கென டிரமடால் மாத்திரை எழுதித் தருகிறார். ஐந்தாம் நாள் நோவு தணிந்துவிடுகிறது. ஆயினும் மாத்திரை உண்ட நாட்களில் சுமை இலேசாகவும் உள்ளம் கவலையற்றும் இருந்ததை உடல் மறக்கவில்லை. பழைய சீட்டையே காட்டி மறுபடியும் வாங்குகிறார். ஆறு திங்கள் கழிகின்றன. இரண்டு மாத்திரை செய்த வேலையைச் செய்யப் பத்து மாத்திரை வேண்டியிருக்கிறது. பொங்கலுக்குத் திருநெல்வேலிக்குச் சென்றவர், மாத்திரை தீர்ந்த மறுநாள் கண்ணும் மூக்கும் நீர் சொரிய, மேனி சிலிர்க்க, கைகால் குடைச்சலெடுக்கப் படுத்துவிடுகிறார். வீட்டார் காய்ச்சலென்று எண்ணிக் கஷாயம் வைக்கின்றனர். காரணம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்; சொல்ல நாணுகிறார்.

அந்த நாணத்தைப் போக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அபின் என்னும் பொருளை நம் முன்னோர் அறிவர். அதிலிருந்து மார்பின் என்னும் சத்தினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்டூர்னர் பிரித்தெடுத்தார். 1898ஆம் ஆண்டில் ஹெராயின் இருமலுக்கு மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. கோடீன், டிரமடால் முதலியனவும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. மத்திய அரசுக்காக நடத்தப்பெற்று 2019ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பு, நம் நாட்டில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு இருவருக்குச் சற்று மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 26 இலட்சம் பேர், இவ்வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகக் கூறிற்று. அவர்களுள் ஏறத்தாழ 77 இலட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் அது கணித்தது. ஹெராயினுக்கு அடுத்தபடியாக அதில் இடம்பெற்றவை மருந்துக்கடை மாத்திரைகளும் ஊசி மருந்துகளுமேயாம்.

இதைக் கேட்டதும், ‘இத்தகைய மருந்துகளையே ஒழித்துவிட்டால் என்ன?’ என்று சிலர் வினவலாம். அதற்கு விடை இந்நகரிலேயே இருக்கிறது. போதைப்பொருள்களைத் தடுக்க 1985ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின் கடுமையினால் மருத்துவமனைகளும் மார்பினைக் கைவிட்டன. புற்றுநோயாளர் பலர் வலி தணிக்க வழியின்றித் துடித்தே மாண்டனர். டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவர் தோழர்களும் 1993இல் கோழிக்கோட்டில் வலித்தணிப்புப் பணியைத் தொடங்கினர். 2003இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’ நிறுவப்பெற்றது. இத்தகையோரின் நெடுநாள் முயற்சியினால் 2014இல் சட்டம் திருத்தப்பெற்று, நோயாளருக்கு மார்பின் கிடைக்கும் வழி எளிதாயிற்று. நான்காண்டுகள் கழித்து, 2018இல், டிரமடால் அதே சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தேவைப்படுவோருக்குக் கொடுத்தல், தேவையற்றோரிடமிருந்து காத்தல் ஆகிய இரண்டும் வேண்டும். ஆகவே புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மேற்பார்வையில் மார்பின் உண்போர் இப்பேச்சைக் கேட்டு அஞ்சி நிறுத்திவிடலாகாது.

இனி, இப்பழக்கம் ஏன் இவ்வளவு இறுகப் பற்றுகிறது? நம் மூளையில் வலியைத் தணிப்பதற்கென்றே இயற்கை சில ஏற்பிகளை அமைத்திருக்கிறது. மருந்து அவற்றில் சென்று அமர்கிறது. நாள்தோறும் மருந்து வரவே, மூளை அதற்கேற்பத் தன் நடையை மாற்றிக் கொள்கிறது. பழைய அளவு பயன்படாமற் போகிறது. மருந்து திடீரென நின்றால் உடலெங்கும் கலகம் எழுகிறது. கொட்டாவி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, தாளாத உடல்வலி எல்லாம் தோன்றுகின்றன. இரண்டு மூன்றாம் நாளில் உச்சம் அடைந்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் இவை அடங்கும். ஆனால் வேட்கையோ மாதக்கணக்கில் நிற்கிறது. இங்கேதான் பேராபத்து. சில வாரம் விலகியிருந்தவருடைய உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடும். ஒரு நாள் மனம் தளர்ந்து முன்போல உண்டாரெனில் மூச்சு அடங்கி உயிர் போகலாம். அறையில் பூட்டி வைத்து ‘விடவைக்கும்’ உறவினர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இதற்கு மருத்துவ உலகம் கண்ட வழி, மருந்தினாலேயே மீட்பது. 1965ஆம் ஆண்டில் நியூயார்க்கில் டாக்டர் வின்சென்ட் டோல், டாக்டர் மேரி நைஸ்வாண்டர் ஆகிய இருவரும் மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளவாகக் கொடுத்து, ஹெராயினுக்கு அடிமையானோர் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்புவதை எடுத்துக் காட்டினர். பின்னர் வந்தது பூப்ரினார்ஃபின். இது அதே ஏற்பியில் இறுகப் பற்றிக் கொள்ளும். ஆயின் அரைகுறையாகவே அதைத் தூண்டும். ஆகையால் வேட்கை அடங்கும், பெருமயக்கம் வாராது; மூச்சை அடக்கும் ஆபத்தும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இவ்விரு மருந்துகளையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டில் பூப்ரினார்ஃபினுடன் நலாக்சோன் சேர்த்த மாத்திரையும் வழங்கப்படுகிறது. நாவின் அடியில் வைத்துக் கரைத்தால் நலாக்சோன் பெரிதும் வேலை செய்யாது. எவரேனும் கரைத்து ஊசியாக ஏற்றினால் அது உடனே துன்பத்தை உண்டாக்கித் தடுக்கும். இம்மாத்திரையை விழுங்கலாகாது. பழைய மருந்தின் வேகம் தணிந்து, விடுபடும் அறிகுறிகள் தோன்றிய பின்னரே மருத்துவர் முதல் வேளையைக் கொடுப்பார். முந்திக் கொண்டால் துன்பம் மிகும். மதுவையும் தூக்க மாத்திரையையும் இதனோடு சேர்த்தல் உயிருக்கு உலை வைப்பதாகும். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

‘ஒரு போதையை விட்டு மற்றொரு போதையா?’ என்று வீட்டுப் பெரியோர் கேட்பர். முறிந்த எலும்புக்கு மட்டை வைத்துக் கட்டுகிறோம். எலும்பு கூடுமுன் கட்டை அவிழ்த்தெறிந்தால் என்ன ஆகும்? மூளைக்கும் கூடுவதற்குக் காலம் வேண்டும். அது சில மாதமாகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம். மருந்து உடலை நிலைநிறுத்தும் இடைவேளையில் ஆலோசனையும், இடுப்புவலிக்கு உரிய உடற்பயிற்சி மருத்துவமும், இல்லத்தாரின் பொறுமையும் மற்றப் பணியைச் செய்யும். நடுவில் ஒருமுறை தவறினால் அதனைத் தோல்வியென்று கொள்ளாமல், மறுபடியும் மருத்துவரிடம் செல்வதே முறை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மேலும் இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று போலீஸ். தானே முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு சில வரம்புகளுக்குட்பட்டு வழக்கினின்று பாதுகாப்பு அளிக்கிறது. சிகிச்சையை முடித்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மருத்துவரிடம் சொன்னதை அவர் மறைவாகக் காக்கவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. மற்றொன்று மொழி. உள்ளத்து நோவைப் பிற மொழியில் சொல்வது கடினமே. 14416 என்னும் எண்ணில் ‘டெலி மானஸ்’ சேவை தமிழிலும் பதில் அளிக்கிறது. கேரள அரசு ‘விமுக்தி’ இயக்கத்தின்கீழ் மது, போதை மீட்பு மையங்களை நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பேரூர்க்கடை மனநல மையமும் உள்ளன. ஊருக்குப் போகுமுன் மருத்துவரிடம் சொல்லி, பயண நாட்களுக்கு வழி செய்து கொண்டு, சிகிச்சைச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

நேயர்களே, சாலைக் கடைத்தெருவின் அந்த அன்பர் வலி பொறுக்காமல் மாத்திரை உண்டார். குடும்பத்துக்குக் கூலி தவறலாகாதென்று தொடர்ந்தார். அவர் உங்கள் அண்ணனாக இருக்கலாம், அடுத்த அறையில் தங்கும் ஊர்க்காரராக இருக்கலாம். ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று கேட்பதற்கு முன், ‘வா, நானும் உடன் வருகிறேன்’ என்று ஆஸ்பத்திரி வரையில் கூட நடவுங்கள். அவர் சுமந்த மூட்டைகள் யாவற்றினும் பெரிய சுமை அன்று இறங்கத் தொடங்கும்.