ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாதிரிகள் வழியாகக் கற்பித்தல் பற்றிப் பேசச் சொன்னார்கள். எரிமலை, மழைநீர் சேகரிப்பு, சூரியக் குடும்பம் என்று நாம் எல்லோரும் செய்யும் மாதிரிகள் பல உண்டு. நான் ஒரே ஒரு மாதிரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பருவம் முழுவதும் செய்த ஸ்பிட்ஃபயர் போர் விமானம் அது.

பிள்ளைகள் கையில் போர் விமானத்தைக் கொடுக்கலாமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்பிட்ஃபயர் பிரிட்டனில் மிட்செல் என்ற பொறியாளர் வடிவமைத்தது. 1936 மார்ச் 5இல் முதன்முதலாகப் பறந்தது. 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை இங்கிலாந்தின் வானில் ஜெர்மன் விமானங்களோடு மோதியதால் உலகமெங்கும் அறியப்பட்டது. மொத்தம் 20,000க்கும் மேல் கட்டினார்கள்.

நாங்கள் செய்தது 1:72 அளவு மாதிரி. உண்மையான விமானத்தின் இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 11.23 மீட்டர். 72ஆல் வகுத்தால் 15.6 செ.மீ. பிள்ளைகள் அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. விகிதம் பற்றிக் கரும்பலகையில் எத்தனை கணக்குப் போட்டாலும் வராத தெளிவு அந்த ஓர் அளவீட்டில் வந்தது. நீளம் 72 மடங்கு குறைந்தால் பரப்பு எத்தனை மடங்கு குறையும் என்று கேட்டேன். 5,184 என்று விடை வந்ததும், ஒரு சொட்டுப் பெயின்ட் இறக்கைக்கு எப்படிப் போதுகிறது என்பது அவர்களுக்கே புரிந்துவிட்டது.

கட்டுவது கடினமில்லை. பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி வரும். வெட்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்ட வேண்டும். அந்தப் பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கத்தி வேலையை நானே செய்தேன். பசையும் பெயின்டும் சன்னல் திறந்த அறையில்தான். பிறகு மேலே கரும்பச்சையும் மண் நிறமும், அடியில் வெளிர்பச்சை கலந்த வான் நிறமும் பூசினோம். அது உலர்ந்தபின் வட்டச் சின்னங்களையும், எந்தப் படைப்பிரிவு என்று காட்டும் எழுத்துகளையும் ஒட்டினோம்.

இதுவரை முடித்தால் கிடைப்பது ஒரு பொம்மை. கடையில் வாங்கிய புதுமை மாறாமல் பளபளக்கும். பறந்து, சேற்றில் இறங்கி, பழுது பார்க்கப்பட்டு, மறுபடி பறந்த தோற்றத்தைத் தருவதை வெதரிங் என்பார்கள். நாங்கள் அதற்கு 'உழைத்த தோற்றம்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். பாடம் உண்மையில் தொடங்கியது இங்கேதான்.

ஒரே ஒரு விதி வைத்தேன். காரணம் சொல்ல முடியாத கறையை யாரும் பூசக் கூடாது. நோட்டில் மூன்று பத்திகள்: இடம், கறை, காரணம். மூன்றும் நிரம்பிய பிறகுதான் தூரிகையைத் தொடலாம்.

இஞ்சின் புகைக்குழாய்களின் பின்னால் ஒரு கறை வரும். அது ஏன் முன்னோக்கிப் போகாது? காற்று பின்னோக்கி வீசுகிறது. என்ன நிறம்? எரிகலவையில் பெட்ரோல் கூடி முழுமையாக எரியாவிட்டால் கரி படியும். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்ததால் வெளிர்சாம்பல் படிவும் வரும். அடுப்புக்கரித் தூளையும் சாக்பீஸ் தூளையும் குழைத்து, பழைய தூரிகையால் தேய்த்தோம். முழுமையற்ற எரிதல் என்ற பாடம் அங்கே நடந்து முடிந்தது.

விமானி இடப்பக்க இறக்கையின் அடிப்பகுதியில் ஏறித்தான் உள்ளே போவார். சிறு கதவும் அந்தப் பக்கம்தான். ஆகவே அங்கே பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரியும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி, வெள்ளி நிறத்தில் தொட்டு, ஒற்றி எடுத்தோம். ஒரு மாணவன் தாராளமாக ஒற்றப் போனான். "1 மி.மீ. புள்ளி நிஜத்தில் எவ்வளவுடா?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். 7.2 செ.மீ. உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்திருக்குமா? அவனே தூரிகையின் நுனிக்கு மாறிவிட்டான்.

இன்னொருத்தி வாலில் உள்ள சுக்கானிலும் உலோகத் தேய்மானம் வைக்கலாம் என்றாள். தொடக்ககால ஸ்பிட்ஃபயரில் சுக்கான் துணியால் மூடப்பட்டது. துணியில் உலோகம் எப்படித் தெரியும்? நோட்டின் மூன்றாம் பத்தி நிரம்பவில்லை, அந்தக் கறையும் போடப்படவில்லை. வெயிலில் மிகவும் வெளுத்த நிறம் வேண்டும் என்ற யோசனையும் இப்படியே விழுந்தது. 1940இல் பல விமானங்கள் சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. வெளுப்பதற்கு அவற்றுக்கு நேரம் ஏது?

அடுத்து வந்தது துப்பாக்கிகளின் முறை. இறக்கையில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள். உயரத்தில் ஈரம் உறைந்து துப்பாக்கி சிக்காமல் இருக்க, அவற்றின் வாய்களைத் துணித்துண்டு ஒட்டி மூடுவார்கள். மாதிரியில் எட்டுச் சிவப்புத் துண்டுகள். சுட்டால் அவை கிழிந்து, பின்னால் கரிக்கோடு படியும். கிழிந்த மாதிரி செய்தால் அழகாக இருக்கும் என்று பையன்கள் ஆசைப்பட்டார்கள். அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கிழிஞ்சிருந்தா யாரையோ சுட்டுட்டு வந்திருக்குன்னுதானே அர்த்தம்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அந்த நான்கு மாதங்களில் பிரிட்டன் தரப்புப் போர் விமானப் பிரிவில் 544 விமானிகளும் உடன் பறந்தவர்களும் இறந்தார்கள். ஜெர்மன் தரப்பில் இறந்த விமானப் படையினர் அதைவிட அதிகம். இரண்டு எண்ணிக்கையையும் பலகையில் ஒரே அளவு எழுத்தில் எழுதினேன். முடிவை அவர்களிடமே விட்டேன்.

இரண்டு நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். துப்பாக்கிகளின் பின்னால் துடைத்தும் போகாத மங்கலான கரி இருக்கும். வாய்களில் புதிய துணித்துண்டு ஒட்டியிருக்கும். அதாவது, போய்த் திரும்பி வந்துவிட்டது, தரைப் பணியாளர்கள் குண்டுகள் நிரப்பி மறுபடி தயார் செய்துவிட்டார்கள், இனி திரும்பி வருமா என்று தெரியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுச் சிவப்புப் புள்ளிகளால் இதைச் சொன்னார்கள். போர் விமானத்தைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். பொம்மையாகக் கொடுத்தால் சுடுகிற விளையாட்டு வரும். கறைக்குக் காரணம் கேட்டுக் கொடுத்தால், கறைக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் தெரிவார்கள்.

எழுத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒட்டியது ஏ, இசட். அது 234ஆம் படைப்பிரிவின் குறி. 1940 ஆகஸ்ட், செப்டம்பரில் தென் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்த பிரிவு. அதன் பெயரோடு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. 79, 264ஆம் பிரிவுகளுக்கும் அதே பெயர். நம் மாகாணத்திலிருந்து போன போர் நிதிக்கான அடையாளம் அது. ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று கணக்கு வைத்து நன்கொடை வாங்கிய காலம். அதற்கு முந்தைய ஆண்டுதான், மக்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இணைத்ததை எதிர்த்து ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியிருந்தது. ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்க உரிமையில்லாத ஒரு நாட்டின் பணம் அந்த விமானங்களுக்குப் போனது. "மனசார கொடுத்தாங்களா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். சமூக அறிவியல் ஆசிரியர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு பாடவேளை நடத்தினார்.

செலவு பற்றி யோசிப்பீர்கள். பள்ளிக்கு ஒரு மாதிரி போதும். வேலையை ஐந்து குழுக்களாகப் பிரிக்கலாம். அதுவும் முடியாவிட்டால் அட்டையில் ஒரு பேருந்தோ, டிராக்டரோ செய்யுங்கள். சக்கரத்தில் எவ்வளவு உயரம்வரை சேறு இருக்கும், படிக்கட்டில் எந்த விளிம்பு தேயும், ஓட்டுநர் கை படும் இடம் எது என்று கேளுங்கள். 2பி பென்சில் கரியைத் தேய்த்தால் உலோக மினுமினுப்பு வரும். சாக்பீஸ் தூள் புழுதியாகும். பொருள்கள் நம் மேசையிலேயே இருக்கின்றன.

வேண்டியது அந்த மூன்று பத்தி நோட்டு மட்டும்தான். அதில் மூன்றாம் பத்தியை மட்டும் நாம் நிரப்பிக் கொடுக்காமல் இருந்தால் போதும்.