வரும் கிழமைக் காலநிலை: எதைக் கேட்பது, என்ன செய்வது

(ஸ்ட்ரெதமில் புதிதாக வந்தவர்களுக்கான சந்திப்பில் நிகழ்த்திய பேச்சு. வரமுடியாமற்போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு அப்பீல், விசா எண்டு ஒன்றும் பேசப்போவதில்லை. காலநிலை பற்றித்தான் பேசப்போகிறேன். பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார். சிரியுங்கோ, பரவாயில்லை. போன வருடம் நவம்பரில் உங்களைப் போல ஒரு தம்பிக்குக் காலை 10 மணிக்கு நேர்காணல். 9 மணிக்கு ஸ்டேசனுக்குப் போனார். ட்ரெயின் ரத்து. அடுத்ததும் ரத்து. காற்று பலமாக வீசும், பயணங்கள் தடைப்படலாம் எண்டு முதல்நாள் இரவே செய்தியில் சொன்னார்கள். அவரும் அதைக் கேட்டவர்தான். தனக்குச் சொல்லப்பட்ட செய்தி எண்டு நினைக்கவில்லை. சரியான காரணம் காட்டாமல் நேர்காணலைத் தவறவிட்டால், நீங்களே விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. பிறகு அவரும் லோயரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே வரும் கிழமைக்கான முன்னறிவிப்பை எப்படிக் கேட்பது எண்டு பார்ப்போம்.

முதலில், உங்கள் இடத்துக்கு உரியதைக் கேளுங்கோ. ஸ்கொட்லாந்தில் ஸ்னோ கொட்டும்போது இங்கே சும்மா தூறிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியில் நாடு முழுவதுக்கும் சொல்லிவிட்டு, பிறகு லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் தனியாகச் சொல்வார்கள். அதுதான் உங்களுடையது. போனில் பார்ப்பதென்றால் மெட் ஒஃபிஸ் அல்லது பிபிசி பக்கத்தில் எஸ்.டபிள்யூ 16 எண்டு உங்கள் போஸ்ட்கோட்டைப் போடுங்கோ. அடுத்த இரண்டு மூன்று நாளுக்குச் சொல்வதை நம்பி அலுவல் பார்க்கலாம். ஏழாம் நாளுக்குச் சொல்வது ஒரு உத்தேசம்தான். எனவே கிழமைத் தொடக்கத்தில் ஒருக்கால் பாருங்கோ, போகவேண்டிய நாளுக்கு முதல்நாள் இரவு கட்டாயம் இன்னொருக்கால் பாருங்கோ.

ஊரில் நவம்பர் எண்டால் வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து மழை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். இங்கே கணக்கு வேறு. தென்மேற்கிலிருந்து அத்லாந்திக் காற்று வந்தால் மழை, ஆனால் குளிர் அவ்வளவு இராது. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்தால்தான் எலும்பைக் குத்தும். புதிதாக வந்தவர்கள் அதிகம் ஏமாறுவது வெயிலில்தான். காலையில் யன்னலால் நீலவானத்தைப் பார்த்துவிட்டு மெல்லிய சேட்டோடு வெளிக்கிடுவார்கள். இந்த மாதத்தில் மேகமில்லாத இரவுதான் கடுங்குளிர் இரவு. நிலத்துச் சூடு மேலே போய்விடும், விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும். அதைத்தான் ஃப்ரொஸ்ட் எண்கிறார்கள். அன்றைக்கு நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படிந்திருக்கும். ரப்பர் செருப்போடு போகாதையுங்கோ.

வெப்பநிலைக்குப் பக்கத்தில் "ஃபீல்ஸ் லைக்" எண்டு இன்னொரு இலக்கம் இருக்கும். 7 பாகை எண்டு போட்டிருந்தாலும் காற்றோடு 3 போல உணரும் எண்டு அர்த்தம். உடுப்புக்கு இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கோ. ஒரு மொத்த ஜக்கெட்டை விட, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று மெல்லிய உடுப்பு நல்லது. ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் சரிட்டி கடைகள் இருக்கின்றன, நல்ல ஜக்கெட் மலிவாகக் கிடைக்கும். தொப்பி வைத்ததாக எடுங்கோ. இந்தக் காற்றுக்குக் குடை நிற்காது.

அடுத்தது எச்சரிக்கை நிறங்கள். மஞ்சள், அம்பர், சிவப்பு. மஞ்சள்தானே எண்டு விட்டுவிடக்கூடாது. ட்ரெயின், பஸ் தாமதமாவதற்கு மஞ்சளே போதும். சிவப்பு எண்டால் உயிராபத்து, வெளியே போகவே கூடாது. 2015 இலிருந்து பெரிய புயல்களுக்கு ஆட்களின் பெயர் மாதிரிப் பெயரும் வைக்கிறார்கள். செய்தியில் பெயரோடு ஒரு புயல் வந்தால் கவனமாகக் கேளுங்கோ.

இந்த நாட்டின் புயல் எங்கட ஆட்களின் வழக்குக்குள்ளேயே புகுந்த கதை ஒன்று உண்டு. 1987 இல் அகதி அந்தஸ்துக் கேட்டு வந்தவர்களை, பெரும்பாலும் தமிழர்களை, ஏர்ல் வில்லியம் எண்ட பழைய பயணிகள் கப்பலில் ஹாரிச் துறைமுகத்தில் தடுத்து வைத்திருந்தார்கள். அந்த வருடம் ஒக்டோபர் 15 மத்தியானம், மைக்கல் ஃபிஷ் எண்ட அறிவிப்பாளர் சூறாவளி ஒன்றும் வராது எண்ட மாதிரித் தொலைக்காட்சியில் சொன்னார். அன்றிரவு அடித்த புயலில் பிரிட்டனில் 18 பேர் இறந்தார்கள், சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. அந்தக் கப்பலும் கட்டறுந்து போய்த் தரைதட்டியது. உள்ளே இருந்தவர்கள் பிறகு விடுவிக்கப்பட்டார்கள். வக்கீல்கள் செய்யாததைக் காற்றுச் செய்தது எண்டு பகிடியாகச் சொல்லலாம். ஆனால் அந்த இரவில் கப்பலுக்குள் இருந்தவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். இலையுதிர் காலக் கடைசியில் ஈர இலைகள் தண்டவாளத்தில் நசிந்து வழுக்கும். அதனால் ட்ரெயினை மெதுவாக ஓட்டுவார்கள். இலைக்காகவா ட்ரெயின் பிந்துது எண்டு நானும் ஒரு காலம் நம்பவில்லை, உண்மைதான். குரொய்டன் லூனர் ஹவுசுக்குப் போகவேண்டியவர்கள் ஸ்ட்ரெதம் கொமன் ஸ்டேசனை மட்டும் நம்பாமல், ஹை ரோட்டால் போகும் 109 பஸ்ஸையும் மனதில் வைத்திருங்கோ. பஸ்ஸில் காசு எடுக்கமாட்டார்கள், ஓய்ஸ்டர் அட்டை அல்லது வங்கி அட்டை வேண்டும். எச்சரிக்கை உள்ள நாளில் ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுங்கோ. அப்படியும் பிந்தினால், குறித்த நேரத்துக்கு முன்பே கடிதத்திலுள்ள இலக்கத்துக்கு அழையுங்கோ, லோயருக்கும் சொல்லுங்கோ. ட்ரெயின் ரத்தான அறிவிப்புப் பலகையைப் போனில் படம் எடுங்கோ. எத்தனை மணிக்கு, யாரோடு பேசினீர்கள் எண்டு எழுதி வையுங்கோ. அந்தத் தம்பியிடம் அப்படி ஒரு படம் இருந்தது. அதுதான் அவரைக் காப்பாற்றியது.

அறைக்குள் குளிரென்றால், சமையல் காஸ் அடுப்பை எரித்துக் குளிர்காயவே கூடாது. கரியும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் மணக்காது, நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும். ஹீட்டருக்கு மேலே உடுப்புக் காயப்போடாதையுங்கோ. ஈர உடுப்பு அறைக்குள் காயும் நாளில் யன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கோ, இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு இழுப்பு வரும். ஹோம் ஒஃபிஸ் தந்த வீட்டில் ஹீட்டர் வேலை செய்யாவிட்டால், மைக்ரன்ட் ஹெல்பின் இலவச இலக்கத்துக்கு அன்றைக்கே அடித்து முறைப்பாட்டு இலக்கம் கேட்டு வாங்குங்கோ. கரைச்சல் கொடுத்தால் வழக்கைப் பாதிக்கும் எண்டு பயந்து இரண்டு கிழமை குளிரில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். பாதிக்காது.

இருக்க இடமே இல்லாதவர்களுக்கு ஒரு இலக்கம் முக்கியம்: பூச்சியம். லண்டனில் எங்காவது இரவு வெப்பநிலை பூச்சியத்துக்கோ அதற்குக் கீழோ போகும் எண்டு முன்னறிவிப்பு வந்தால், வீதியில் படுப்பவர்களுக்கு அவசர இடம் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கும். ஸ்வெப் எண்டு சொல்வார்கள். அந்த இரவுகளில் விசா இல்லாதவர்களுக்கும் இடம் கொடுக்க முயற்சிப்பார்கள். அகதி அந்தஸ்துக் கிடைத்து வீட்டை விடச் சொன்னவர்களுக்கும், மறுக்கப்பட்டவர்களுக்கும் இது தெரிந்திருக்கவேண்டும். லம்பெத் கவுன்சிலிலோ ஸ்ட்ரீட்லிங்க் மூலமோ கேட்கலாம். அதற்கு முதல் எங்களிடம் வாங்கோ.

கடைசியாக இருட்டு. நவம்பர் முடிவில் பொழுது காலை ஏழரைக்கு விடிந்து, பின்னேரம் 4 மணிக்குப் படுகிறது. தடுப்பில் இருந்து வந்தவர்களுக்கு இந்த இருட்டு மனதை அழுத்தும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஸ்ட்ரெதம் கொமன் பக்கம் அரை மணித்தியாலம் நடவுங்கோ. மழை தூறினாலும் நடவுங்கோ. நித்திரையே வராவிட்டால் ஜிபியிடம் சொல்லுங்கோ, உங்களுக்கு அது இலவசம்.

சரி, தேத்தண்ணி ஆறப்போகிறது. குடித்துவிட்டு எல்லோரும் போனை எடுங்கோ, எஸ்.டபிள்யூ 16 போட்டுப் பார்ப்போம். வரும் கிழமை நேர்காணலோ கையெழுத்தோ இருப்பவர்கள் கடிதத்தோடு முன்வரிசைக்கு வாங்கோ.