கரையின் ஆய்வைக் கரையே எழுதட்டும்



1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்பு யாத்திரை புறப்பட்டு இந்த வேதாரண்யத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே திருச்சியில் பிறந்தவர் கே. சுப்பிரமணியம். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து ஐ.ஏ.எஸ். ஆனவர். துப்பாக்கி பிடித்தவர் அல்லர், பேனா பிடித்தவர். ஆனாலும் நாட்டின் பாதுகாப்புக் கொள்கையில் அவர் பதித்த தடம் ஆழமானது.

சீனப் போரில் பட்ட அடிக்குப் பிறகு, 1965இல் தில்லியில் பாதுகாப்பு ஆய்வு மற்றும் பகுப்பாய்வு நிறுவனம் தோன்றியது. அதன் இயக்குநராக இருமுறை இருந்தார் சுப்பிரமணியம். 1999இல் அவர் தலைமையிலான ஆலோசனைக் குழு தந்த அணுக்கொள்கை வரைவு, அணு ஆயுதத்தை நாம் முதலில் பயன்படுத்துவதில்லை என்பதை எழுத்தில் வைத்தது. கார்கில் போரில் நாம் எங்கே கோட்டைவிட்டோம் என்று ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர். அந்த அறிக்கையைத் தொடர்ந்து அமைந்த அமைச்சர்கள் குழு, 2001இல் முப்படைகளுக்கும் ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்றது. முதல் தளபதி பொறுப்பேற்றது 2020இல். நல்ல ஆய்வு காத்திருக்கும், வீணாகாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆய்வு நிறுவனங்களுக்குப் பணம் அரசிடமிருந்தும் வரும், ஆயுதம் விற்பவரிடமிருந்தும் வரும். படியளப்பவர் மனம் கோணாமல் எழுதினால் அது ஆய்வாகாது. சுப்பிரமணியம் 1999இல் பத்மபூஷண் விருதையே ஏற்க மறுத்தவர். அந்த நிமிர்வுதான் அவர் சொல்லுக்கு எடை தந்தது.

பட்டம் பெறும் மாணவர்களே, அந்த நிமிர்வோடு ஆராய வேண்டியது நம் வாசலிலேயே இருக்கிறது. நம் கோடியக்கரைக்கு எதிரே இருப்பது பாக் நீரிணை. 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் அந்தக் கடலில் எல்லைக் கோட்டை வரைந்தது. வரைபடத்தில் அது வெறும் கோடு. ஆறுகாட்டுத்துறையில் வலை இழுப்பவருக்கு அது பிழைப்பு. காற்றும் நீரோட்டமும் படகை எப்படித் தள்ளும், மீன் எந்தப் பருவத்தில் எங்கே போகும், இழுவைமடி கடலடியை என்ன செய்கிறது என்பதெல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் பேசப்படுகிறது. அதைக் கேட்டு எழுதுங்கள். அளந்து, கணக்கிட்டு, அக்கரைத் தமிழ் மீனவரின் இழப்பையும் சேர்த்து, யாருக்கும் அஞ்சாமல் எழுதுங்கள். கடலறியாதவர் எழுதும் கொள்கைக்குக் கடலறிந்தவர் சான்று தர வேண்டும்.

அன்று இந்த ஊர் ஒரு பிடி உப்பால் அரசைக் கேட்கவைத்தது. இனி உங்கள் ஆய்வால் கேட்கவையுங்கள்.