பாதி வெயில், பாதி நிழல்

(சங்கத்தின் சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நீதான் எப்பவும் கேமராவோட அலையறியே, அதைப் பத்தி பத்து நிமிஷம் பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்ல. எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கிறவன். ஆகவே நான் எடுத்த நல்ல படத்தைப் பற்றிப் பேசாமல், கெடுத்த ஒரு படத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

2010 ஏப்ரல், கடைசி வேலை நாள். மெயின் பிளாக் முன்னால் இருக்கிற வேப்பமரத்தடியில் எங்கள் வகுப்பு 42 பேரும் நின்றோம். மணி பன்னிரண்டு. இரவல் டிஜிட்டல் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நின்றேன். மெஸ்ஸிலிருந்து கடைசியாக ஓடிவந்த நண்பனுக்கு நிழலில் இடமில்லை. வலது ஓரத்தில், வெயிலில், வெள்ளைச் சட்டையோடு நின்றான். படத்தில் எல்லோரும் இருக்கிறோம். அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு.

ஏன் அப்படி ஆயிற்று? உச்சி வெயிலுக்கும் மர நிழலுக்கும் வெளிச்சத்தில் 3 முதல் 4 ஸ்டாப் வித்தியாசம் உண்டு. ஒரு ஸ்டாப் என்பது இரண்டு மடங்கு. அதாவது 8 முதல் 16 மடங்கு. நம் கண் ஒவ்வொரு இடமாக மேய்ந்து, பாவையைச் சுருக்கி விரித்துக்கொள்வதால் நமக்கு அது உறைப்பதில்லை. கேமரா ஒரே அளவில்தான் எல்லாவற்றையும் பார்க்கும். கூட்டத்தில் பெரும்பாலோர் நிழலில் நின்றதால், மீட்டர் நிழலுக்குக் கணக்குப் போட்டது.

போதாக்குறைக்கு நானும் ஒரு தப்பு செய்தேன். எங்க ஊர் ஸ்டூடியோ அண்ணன், "வெளிச்சம் மட்டும் தாராளமா குடு தம்பி" என்று சொல்லித் தந்திருந்தார். அதை நம்பி ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தேன். அவர் சொன்னது நெகட்டிவ் ஃபிலிமுக்குச் சரியான பாடம். ஃபிலிம் அதிக வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும். இருட்டில்தான் விவரம் தொலையும். டிஜிட்டல் சென்சார் நேர் எதிர். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம் மாதிரி. நிறைந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் குடத்துக்கு அது தெரியாது.

நம்ம லேபில் கிளிப்பர் சர்க்யூட் போட்டிருப்பீர்கள். சைன் அலையின் தலை வெட்டுப்பட்டு, சி.ஆர்.ஓ. திரையில் தட்டையாக நிற்குமே, அதேதான். வெட்டுப்பட்ட தலை எவ்வளவு உயரம் இருந்தது என்று திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

2019-ல் அந்த நண்பன் சாலை விபத்தில் போய்விட்டான். காரியத்துக்குப் போனபோது அவன் அம்மா, "காலேஜ்ல எல்லாரும் சேர்ந்து எடுத்த படம் இருக்காமே, குடுப்பா" என்று கேட்டார். அன்று இரவெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. ஜேபெக் படத்தில் அதற்கு மேல் எண்ணே கிடையாது. வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளை சாம்பல் நிறமாகிறதே தவிர, கண்ணும் வரவில்லை, மூக்கும் வரவில்லை.

பிறகு பழைய படங்களைக் கிளறியபோது மெஸ்ஸில் எடுத்த ஒன்று கிடைத்தது. ஜன்னலுக்கு முதுகு காட்டி, கரிக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அதை மேலே தூக்கினேன். புள்ளி புள்ளியாக, மணல் தூவினாற்போல் வந்தது. ஆனால் முகம் வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கருப்பா இருந்தா என்னப்பா, கண்ணு தெரியுதே" என்றார். அந்தப் படம்தான் அவர் வீட்டில் மாட்டியிருக்கிறது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டவை இவ்வளவுதான்.

முதலில் இடம். எல்லோரும் நிழலில், இல்லை எல்லோரும் வெயிலில். பாதிப் பாதி வேண்டாம். நேரமும் முக்கியம். சென்னை அட்சரேகையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் அநேகமாக நேர் உச்சியில். கண்குழியெல்லாம் இருட்டாகிவிடும். காலையும் மாலையும் போல வராது. தஞ்சைப் பெரிய கோயில் கிழக்குப் பார்த்தது. முகப்பு விவரமாக வேண்டுமென்றால் காலையில் போங்கள். சாயங்காலம் முன்னால் நின்று எடுத்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால். வெறும் கருநிழல்தான் கிடைக்கும்.

இரண்டாவது, அளவு. வெளிச்சமான முகம் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டினால் ஒரு ஸ்டாப் குறையுங்கள். செல்போனில் அந்த முகத்தைத் தொட்டு, தேவைப்பட்டால் பிரகாசத்தைக் கீழே இழுத்தால் போதும். ரா ஃபைலில் எடுத்தால் ஜேபெக்கின் 256 படிகளுக்குப் பதில் 14 பிட்டில் 16,384 படிகள்; இருட்டைத் தூக்க இடம் இருக்கும்.

மூன்றாவது, கை வெளிச்சம். இரண்டு மூன்று பேர் என்றால் பகலிலும் ஃபிளாஷ் போடலாம். ஐ.எஸ்.ஓ. 100, 1/200 நொடி, எஃப் 11 என்று வைத்தால் நல்ல வெயிலுக்குச் சரியாக இருக்கும். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். நாற்பது பேருக்கு ஃபிளாஷ் எட்டாது. ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை கிட்டத்தில் நிற்கிற நாலு பேருக்கு நிறையவே உதவும்.

நாளைக் காலை ஏழரைக்கு, மெயின் பிளாக்கின் மேற்குப் பக்க நிழலில் குரூப் போட்டோ. எடுக்கப்போவது நான்தான். டிபன் ஆறிப்போனாலும் பரவாயில்லை, சீக்கிரம் வந்துவிடுங்கள். லேட்டாக வருகிறவருக்கும் நிழலில் இடம் வைத்திருப்பேன். அவர் வந்து நிற்கிற வரை ஷட்டரைத் தொடமாட்டேன்.