வாங்க மறுத்தால் என்ன செய்வது?

கடன் வாங்கியவர் பணத்தோடு வந்து நிற்கிறார். கொடுத்தவரோ வாங்க மாட்டேன் என்கிறார். விசித்திரமாகத் தோன்றினாலும் இதில் ஒரு கணக்கு உண்டு. அடமானக் கடன் அடைந்தால் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். இழுத்தடித்தால் வட்டி ஏறும். வாடகையைச் சில மாதம் வாங்காமல் விட்டால், 'பாக்கி வைத்துவிட்டார்' என்று சொல்லியே வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். மறுத்தவர் தன் மறுப்பாலேயே லாபம் அடையக் கூடாது என்பது நம் சட்டத்தின் நிலை. ஆனால் அந்தப் பாதுகாப்பு, கொடுக்க முன்வந்ததை நிரூபிக்க முடிந்தவருக்குத்தான்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு இதற்கு அடிப்படை. உரிய நேரத்தில், உரிய இடத்தில், நிபந்தனை போடாமல் கொடுக்க முன்வந்தும் எதிராளி ஏற்கவில்லை என்றால், தவறியவர் என்ற பழி கொடுக்க வந்தவர்மேல் விழாது. அடமானத்துக்கு 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. பாக்கி முழுவதையும் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். நோட்டீஸ் போகும், கடன் கொடுத்தவர் அதை முழுத் தீர்வாக ஏற்று, பத்திரத்தை ஒப்படைத்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டாலும் வட்டி மேற்கொண்டு ஏறாது. மறுத்ததோடு கடனே தீர்ந்தது என்று சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். ஆனால் மறுப்பவர் பக்கமும் நியாயம் இருக்கக்கூடும். லட்ச ரூபாய் பாக்கிக்கு எண்பதாயிரத்தை நீட்டி 'கணக்கு முடிந்தது' என்றால் யார் வாங்குவார்? அதனால்தான் மறுப்பு வட்டியை நிறுத்துகிறதே தவிர, அசலை அழிப்பதில்லை.

வாடகை விஷயத்தில் வரிசை இன்னும் கறாரானது. தமிழ்நாட்டில் முன்பு அமலில் இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, முதலில் வங்கியின் பெயரைக் கேட்டு வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ். பத்து நாளில் பதில் இல்லையென்றால், கமிஷனைக் கழித்துக்கொண்டு மணி ஆர்டர். அதுவும் திரும்பினால்தான் அதிகாரியிடம் டெபாசிட். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், நோட்டீஸ் படியைத் தாண்டி நேரே டெபாசிட்டுக்குப் போன வாடகைதாரருக்கு உச்ச நீதிமன்றம் சலுகை காட்டவில்லை. பணம் கட்டத் தயாராக இருந்தவரைத் தண்டிப்பதா என்று தோன்றும். ஆனால் காலி செய்யவைக்காமல் காக்கும் சலுகையையே அந்தச் சட்டம்தான் தந்தது. சலுகை வேண்டும், வரிசை வேண்டாம் என்றால் நடக்காது. மேலும், ஒவ்வொரு படியும் ஒரு சாட்சியத்தை உண்டாக்குகிறது. 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் குறித்து அனுப்பிய படிவத்தை வாய்வார்த்தையால் மறுப்பது கடினம். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாடகை அதிகாரியிடம் கட்டும் வழி அதிலும் உண்டு. ஆகவே, வாங்க மறுத்தால் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். முழுத்தொகையை, எழுத்து மூலம், சட்டம் சொல்லும் வரிசையில் கட்டிவிடுங்கள்.