எழுதியது அழியுமுன் ஒரு கேள்வி



ஆரணியில் பட்டுத்தறி உள்ள வீடொன்றினுள் மாலை வேளையில் நுழைந்தால் ஒரு காட்சியைக் காணலாம். நெசவாளர் நாடாவை நிறுத்திவிட்டுக் குழித்தறியினின்றும் எழுந்து செல்கிறார். சேலை பாதியிலே நிற்கிறது. மின்விளக்கு அணைந்தாலும், அவர் இரண்டு நாள் வெளியூர் சென்று வந்தாலும், நெய்த பகுதி படமரத்தில் சுருண்டபடியே இருக்கும். விட்ட இழையிலிருந்து அவர் மீண்டும் தொடங்குவார்.

அத்தகைய வீட்டில் பிறந்த மாணவி ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன், கல்வி உதவித்தொகைக்கு இணையத்தின் வாயிலாக விண்ணப்பிக்க என் வீட்டுக் கணிப்பொறியின் முன் அமர்ந்தாள். பெயர், மதிப்பெண், தந்தையின் வருமானம் ஆகியவற்றை நிரப்பியபின், தான் மேற்படிப்பை விரும்பும் காரணத்தை ஒரு பக்க அளவுக்கு விளக்கி எழுதினாள். ஒன்றரை மணி நேரம் சென்றது. முந்தைய பக்கத்திலிருந்த குறிப்பொன்றைச் சரிபார்க்க எண்ணி, பின்செல்லும் அம்புக்குறியை அழுத்தினாள். திரும்பி வந்தபோது படிவம் வெறுமையாய் இருந்தது. "ஐயா, எல்லாம் போய்விட்டதே!" என்றாள். அன்றுதான் கடைசி நாள். மீண்டும் எழுதி அனுப்பினாள். ஆயினும் முதலில் வந்த சொற்கள் இரண்டாம் முறை வரவில்லை. உதவித்தொகை கிடைக்கவில்லை. அதற்கு இதுவே காரணம் என்று நான் துணிந்து கூறமாட்டேன்.

எழுதியது எங்கே போயிற்று? படிவத்தில் நாம் தட்டும் எழுத்துகள், 'சமர்ப்பி' என்னும் பொத்தானை அழுத்தும் வரையில், பெரும்பாலும் அந்த அலுவலகத்தின் கணிப்பொறியைச் சென்று சேர்வதேயில்லை. அவை நம் உலாவியின் தற்காலிக நினைவில் மட்டுமே தங்கியிருக்கின்றன. பக்கத்தை விட்டு நீங்கினால் அந்நினைவும் துடைக்கப்படும். சில பக்கங்களில் உலாவி அதனைக் காத்துத் தருவதுண்டு, எல்லாவற்றிலும் அன்று.

இதற்கு ஒரு காவல் வெகுநாள் முன்னரே தோன்றிவிட்டது. 1997-இல் வெளிவந்த இண்டர்நெட் எக்ஸ்புளோரர் நான்காம் பதிப்பில், பக்கம் நீங்குமுன் பயனரை நிறுத்தி வினவும் வசதியை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அமைத்தனர். 'பிஃபோர் அன்லோடு' என்பது அதன் பெயர். பிற உலாவிகளும் அதனை ஏற்றன. தொடக்கத்தில், எச்சரிக்கை வாசகத்தைப் பக்கம் அமைப்பவரே எழுதிக்கொள்ளலாம். வஞ்சகர் சும்மா இருப்பாரா? போக முயல்வோரை மறித்து, பரிசு என்றும் ஆபத்து என்றும் மயக்கத் தலைப்பட்டனர். ஆகவே 2011-இல் பயர்பாக்ஸும் 2016-இல் குரோமும் அவ்வுரிமையை நீக்கின. இப்பொழுது உலாவி தன் பொது வாசகத்தையே காட்டுகிறது.

உங்களுள் சிலர் நாளை இத்தகைய படிவங்களை அமைக்கப் போகிறீர்கள். ஆதலால் உங்களுக்கு ஒன்று சொல்வேன். படிவம் திறந்தபோது இருந்ததையும் இப்பொழுது இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாற்றம் இருந்தால் மட்டுமே கேள்வியை எழுப்புங்கள். ஒன்றும் எழுதாதவனையும், எழுதிச் சமர்ப்பித்து முடித்தவனையும் தடுத்துக்கொண்டேயிருந்தால், 'புலி வருகிறது' என்று கூவிய சிறுவனின் கதைதான். அவன் படியாமலே 'வெளியேறு' என்பதை அழுத்தப் பழகிவிடுவான். இழப்பு வரும் நாளிலும் அவ்வாறே அழுத்துவான்.

மேலும், கைப்பேசியில் இக்காவலை நம்ப இயலாது. ஒருவர் வேறு செயலிக்குச் சென்று, அங்கிருந்தபடியே உலாவியை மூடிவிட்டால் கேள்வி எழ வாய்ப்பே இல்லை. ஆதலின் எழுத எழுத வரைவைத் தானே சேமித்து வைப்பதே மேலானது என்பது என் துணிபு. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: பலர் வந்து போகும் கணினி மையத்தில் வரைவு அந்த இயந்திரத்திலேயே தங்கினால், அடுத்து அமர்பவர் கண்ணில் உங்கள் ஆதார் எண்ணும் படக்கூடும். அலுவலகத்தின் கணிப்பொறியில், விண்ணப்பதாரரின் கடவுச்சொல்லுக்குப் பின்னே அது சேமிக்கப்படுதல் நன்று.

அந்த மாணவி இப்பொழுது நீண்ட விடைகளைத் தனிக் கோப்பில் எழுதிச் சேமித்தபின்னரே படிவத்தில் ஒட்டுகிறாள். அவள் தந்தைக்கோ ஐயம் இன்னும் தீரவில்லை. என்னைத் தெருவில் காணும்போதெல்லாம், "எழுதினது எப்படிங்க ஐயா காணாமப் போகும்?" என்று கேட்கிறார்.